ஆறு மெத்தை குறைவு

சனிக்கிழமை காலை பஞ்சறையில் கூடியிருந்தவர்கள் வருமாறு: மெத்தைக்காரர், தைத்து முடித்த மெத்தைகளின் அடுக்கில் முதுகைச் சாய்த்து, தரையில் விரித்த காலிச் சாக்கின் மேல். அவருடைய அக்கா, நாற்காலியில். அந்த வீட்டில் நாற்காலி ஒன்றுதான். அதற்கு ஜோடியாக இருந்தது போன மழைக்காலத்தில் முடிவெட்டுகிறவரின் கடைக்குப் போனது, போனதுதான். மெத்தைக்காரம்மாவின் தம்பி வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவனுடைய வேன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மெத்தைக்காரம்மா, துணி வெட்டும் பலகையின் ஓரத்தில், மடியில் அட்டையும் அதன்மேல் வெள்ளைத் தாளுமாக. கடவுளும் இருந்தார் என்பது மெத்தைக்காரரின் கட்சி. அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று மெத்தைக்காரம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நேரே அவரிடமே கேட்டிருப்பாள்.

கேட்க வேண்டியது இதுதான். செவிலியர் விடுதிக்கு நாற்பது மெத்தை தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை இறக்கியாக வேண்டும். வியாழக்கிழமை வரைக்கும் நாற்பதும் சரியாக இருந்தன. அவளே தொட்டுத் தொட்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமை மதியம் நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், அடுக்கு ஒரு பக்கம் உயரம் குறைந்திருந்தது. ஆறு மெத்தை இல்லை.

திருடன் வந்திருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். திருடனைத் திட்டலாம். ஊரே சேர்ந்து திட்டும்.

"பெயிண்டர் வீடு எரிஞ்சு போச்சும்மா. அந்த வரிசையே போச்சு. உயிர் பிழைச்சதே பெரிசு. பள்ளிக்கூடத்துல வெறும் சிமெண்டுத் தரையில படுத்துக் கிடக்குதுங்க, சின்னச் சின்னக் குழந்தைங்க," என்று மெத்தைக்காரர் நேற்றிலிருந்து நாலாவது தடவையாகச் சொன்னார். "அந்த மனுஷன் வந்து பழைய சாக்கு இருந்தா குடுங்கன்னு கேட்டான். மெத்தைக் கடையில நின்னுக்கிட்டு சாக்கு கேட்கிறான். என்னால தாங்க முடியல."

"அதனால எடுத்துக்கோன்னுட்டீங்க."

"எடுத்துக்கோன்னுட்டேன்."

தெருவில் அவருக்குப் பெயரே அதுதான். 'எடுத்துக்கோ அண்ணன்.' குடை கேட்டால் எடுத்துக்கோ, ஏணி கேட்டால் எடுத்துக்கோ. எடுத்துக்கொண்டவர்கள் நன்றியோடு போவார்கள், இவர் நிம்மதியோடு தூங்குவார். மறுநாள் ஏணி இல்லாமல் பரண்மேல் இருந்து துணிமூட்டை இறக்குவது எப்படி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வது மட்டும் மெத்தைக்காரம்மாவின் வேலை. மெத்தை தைக்கிற அந்த வீட்டில் படுக்க ஒரு மெத்தை கிடையாது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அக்கா தன் முதுகுவலியைச் சொல்லி, கட்டிலோடு கட்டிலாகக் காவல் காத்து வைத்திருந்த ஒன்றைத் தவிர.

"ஏண்டா தம்பி," என்றாள் அக்கா, நாற்காலியில் இருந்து குனிந்து. "குடுக்கிறதுதான் குடுத்த, விடுதிக்குன்னு பச்சை நாடா வச்சுத் தைச்சதுதான் கிடைச்சுதா உனக்கு? ஓரம் கோணலா போனது ரெண்டு மூலையில கிடக்கே, அதைத் தூக்கிக் குடுக்கிறது?"

"கோணலானதைக் குடுக்கிறது குடுக்கிறதா அக்கா? அது கழிக்கிறது."

"பேச்சு மட்டும் தேன் மாதிரி," என்றாள் அக்கா, தம்பி மனைவியைப் பார்த்து. "சின்ன வயசுலேயே இப்படித்தான். இதுக்கெல்லாம் நீ ஆரம்பத்துலேயே ஒரு கடிவாளம் போட்டிருக்கணும்மா."

"எனக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருஷம் உங்க கையிலதான இருந்தார் அண்ணி?"

வாசற்படியில் இருந்த தம்பி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

சிரிப்புக்கு அங்கே இடமில்லை. அந்த ஆர்டர் லேசில் வந்ததல்ல. ஒரு வருஷமாக மெத்தைக்காரம்மா விடுதிக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். சிறிய ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் கடிதம் எழுதுவது எப்படி என்று அங்கே அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: இடம் விட்டு, தேதி போட்டு, பொருளைச் சொல்லி, சுற்றி வளைக்காமல். விடுதிக் காப்பாளர் அம்மா கறாரான பேர்வழி. முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு ஒரு வரி வந்தது, மாதிரி அனுப்பச் சொல்லி. மாதிரி மெத்தையை முழங்காலால் அழுத்திப் பார்த்து, ஓரத்தையல் ஒன்றை நகத்தால் நெம்பிப் பார்த்து, கடைசியில் நேரில் வரவழைத்துச் சொன்னார்: "எழுதினபடி நடக்கிறவங்களோடதான் எனக்கு வியாபாரம். எண்ணிக்கை ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தமா திருப்பி அனுப்பிருவேன். இது சரியா இருந்தா, எங்க மத்த ரெண்டு விடுதிக்கும் நீங்கதான்."

மத்த ரெண்டு விடுதி. அந்த மூன்று வார்த்தையை அவள் எத்தனையோ ராத்திரி மனசுக்குள் உருட்டியிருக்கிறாள். ஒருவரோடு ஒருவர் விலை பேசி மல்லுக்கட்டுகிற சில்லறை வியாபாரம் போதும் போதும் என்றிருந்தது. பஞ்சடிக்கிற மெஷின் நாளுக்கு ஒரு தடவை நின்று, அவள் தலையில் அடித்துக்கொண்டால்தான் மறுபடி ஓடுகிறது. ஓர் ஆர்டர், ஒழுங்கான ஓர் ஆர்டர், வருஷா வருஷம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆறு மெத்தைக்குப் பஞ்சு இல்லை. வியாபாரி வீட்டுக்கு ஆள் அனுப்பியாயிற்று. லாரி வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று பதில் வந்தாயிற்று.

"கடவுள் கைவிட மாட்டார்," என்றார் மெத்தைக்காரர். "இதுவரைக்கும் விட்டிருக்காரா? சொல்லு."

"கடவுள் பஞ்சு கொண்டுவந்து இறக்குவாரா? இறக்கினா அடிச்சுக் குடுப்பாரா? உறை தைப்பாரா?"

"ஏதோ ஒரு வழியில..."

"அந்த ஏதோ ஒரு வழிக்குப் பேர் நான்தான்!" என்றாள் அவள்.

அக்கா, தன் மெத்தையைப் பிரித்து அந்தப் பஞ்சை அடித்துக்கொள்ளலாமே என்று சொன்னாள். சொன்னபோதே முகம் சுருங்கியது, முதுகைப் பிடித்துக்கொண்டாள். இருந்தாலும் சொன்னாள். மெத்தைக்காரம்மாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பழைய பஞ்சைப் புதுசென்று எழுதி அனுப்ப முடியாது. "வேண்டாம் அண்ணி. நீங்க படுங்க."

அப்போதுதான் தம்பி இரண்டாவது காலையும் உள்ளே எடுத்து வைத்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. மிச்சம் இருக்கிற மெத்தையில ஒவ்வொண்ணுலயும் ஓரத்தைப் பிரிச்சு நாலு பிடி பஞ்சு எடுத்தா, ஆறு மெத்தைக்கு ஓரளவு தேறும். உறைத்துணி இருக்கு. நாற்பது நாற்பதாவே போயிடும். எந்தப் பொண்ணு படுத்துப் பார்த்துட்டு நாலு பிடி பஞ்சைக் காணோம்னு எழுந்திருக்கப் போகுது?"

அப்படிச் செய்ய முடியும். அது எல்லோருக்கும் தெரிந்தது. மெத்தை கொஞ்சம் இளைக்கும், முழங்காலுக்குக்கூட உடனே தெரியாது. ஒரு வருஷம் போனால் நடுவில் பள்ளம் விழும்.

"யாருக்கும் தெரியாது மாமா," என்றான் தம்பி.

"கடவுளுக்குத் தெரியும்டா."

"அவருக்கு எல்லாம் தெரியும்," என்றாள் மெத்தைக்காரம்மா. "நீங்க தூக்கிக் குடுத்தது வரைக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியல."

மெத்தைக்காரர் தலைகுனிந்து சாக்கின் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மடியில் இருந்த அட்டையைப் பலகைமேல் போட்டுவிட்டு எழுந்தாள்.

"வண்டிய எடுடா."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டு வரப் போறேன். கோணலானது ரெண்டையும் ஏத்து, பழைய பாய் இருக்கிறதையும் ஏத்து. சும்மா பிடுங்கிட்டு வந்தா நல்லா இருக்காது."

மெத்தைக்காரர் நிமிர்ந்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேட்கிறதா?"

"நான் குடுக்கலையே. நான் கேட்பேன்."

வேனில் போகும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்று கடிதத்துக்கு வாசகம் யோசிப்பதுபோல் வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் நலம் விசாரிப்பது. அடுத்து, தவறுதலாக நடந்துவிட்டது என்பது. மூன்றாவது, பத்து நாளில் பஞ்சு வந்ததும் வேறு தைத்துத் தருகிறோம் என்பது. அது உண்மையும்கூட, அவள் ஒன்றும் அரக்கி இல்லை.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக் கூடத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். பெயிண்டரின் மனைவி வாசலிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். புருவம் கருகியிருந்தது, கை முழங்கை வரை கட்டு.

"வாங்கக்கா வாங்க! நீங்களே வந்துட்டீங்களா? நேத்து ராத்திரிதான் பிள்ளைங்க அழாம தூங்குச்சுங்க."

முதலாவதாகச் சொல்ல வேண்டியதை மெத்தைக்காரம்மா சொன்னாள். இரண்டாவதைச் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தின் ஒரு மூலை முழுக்கப் பச்சை நாடா தெரிந்தது. தெரிய வேண்டிய அளவைவிட அதிகமாகத் தெரிந்தது. ஆறு மெத்தை இல்லை, பன்னிரண்டு துண்டு. அவள் பஞ்சடித்து, நிரவி, விரல் தேய நூலிழுத்துக் கட்டிய மெத்தைகளைக் குறுக்கே பாதியாக அறுத்திருந்தார்கள். அறுத்த வாய் ஒவ்வொன்றிலிருந்தும் பஞ்சு பிதுங்கி, தரையெல்லாம் பூனைக்குட்டிகள்போல் உருண்டது.

"யாரு... யாரு இதை வெட்டினது?"

"நாங்கதான்க்கா. சமையல் கத்தியாலதான் அறுத்தோம், பாதி ராத்திரி ஆயிடுச்சு. அண்ணன் எங்களுக்குன்னுதான் ஆறு குடுத்தாரு. ஆனா பக்கத்து வீட்டுலயும் ஒண்ணும் மிஞ்சலையே. அந்தக் கோடி வீட்டுத் தாத்தா நெஞ்சுச் சளியோட வெறுந்தரையில கிடந்தாரு. எங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு, 'நமக்கு மட்டும் எப்படி தூக்கம் வரும், அறுத்துடு'ன்னு. பாதி மெத்தையில படுத்தா கால்தான் வெளிய போகும், முதுகு உள்ளதான இருக்கும்?"

மெத்தைக்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு எடுத்துக்கோ போதாதென்று இங்கேயும் முளைத்துவிட்டதே என்று தோன்றியது. திருப்பிக் கேட்க இனி என்ன இருக்கிறது? பாதி மெத்தை பன்னிரண்டை எந்த விடுதி வாங்கும்?

ஆனால் அவள் மனசு அந்தக் கணக்கில் நிற்கவில்லை. கண் அறுத்த வாயிலேயே நின்றது. ரத்தம் ஒழுகுவதைப் பார்த்த வைத்தியரால் சும்மா நிற்க முடியுமா? நாலு நாளில் பஞ்சு அத்தனையும் கொட்டி, வெறும் துணிப்பை மிஞ்சும். ஒரு பிள்ளை ஏற்கெனவே ஒரு துண்டிலிருந்து பஞ்சைப் பிய்த்துத் தன் தலையில் நரை வைத்து, தாத்தா மாதிரி இருமிக் காட்டிக்கொண்டிருந்தது.

"இப்படியா விடுறது?" என்று அதட்டினாள். "வாயைத் தைக்க வேண்டாமா? அறுக்கத் தெரிஞ்சுதே, தைக்கத் தெரியலையா?"

"ஊசியும் எரிஞ்சு போச்சேக்கா."

மெத்தைக்காரம்மா கொண்டையில் செருகியிருந்த கோணி ஊசியை உருவினாள். வேலை செய்கிற நாளெல்லாம் அது அங்கேதான் இருக்கும். வேனில் கிடந்த நூல்கண்டைக் கொண்டுவரச் சொன்னாள். முதல் துண்டை மடிமேல் இழுத்து, பிதுங்கிய பஞ்சை உள்ளே தள்ளி, துணியை மடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே தைத்தாள். கத்தி பிடித்த லட்சணத்தைத் திட்டினாள், நேராக அறுக்காததைத் திட்டினாள், நெருப்பைத் திட்டினாள், எல்லாவற்றுக்கும் நடுவே பெயர் சொல்லாமல் ஒருவரைத் திட்டினாள். பெயிண்டரின் மனைவி கட்டுப்போடாத கையால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். கோடி வீட்டுத் தாத்தா தம் துண்டுக்கு முறை வந்தபோது எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். தைத்து முடித்ததும் அதன்மேல் உட்கார்ந்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மதியம் தாண்டி அவள் வேனில் ஏறியபோது விரல்கள் மடங்கவில்லை.

"மெத்தை?" என்றான் தம்பி.

"மெத்தை மேல ஆள் இருக்கு."

"கேட்டியா இல்லையா?"

"வண்டிய ஓட்டுடா."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மெத்தைக்காரர் எதிரே வந்துவிட்டார். வேனில் கொண்டுபோன கோணல் மெத்தையும் காணோம், பாயும் காணோம் என்பதை ஒரு பார்வையில் கண்டுகொண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"சிரிக்காதீங்க! ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்க கடவுள் எப்ப குடுத்தாலும் என் கை வழியாத்தான் குடுக்கிறார். நீங்க கண்ணை மூடி வேண்டுவீங்க, நான் கண்ணு சிவக்கத் தைப்பேன். முடிஞ்சதும் பார்த்தியா குடுத்துட்டார்ம்பீங்க. ஒரே ஒரு தடவை உங்க கை வழியா குடுக்கச் சொல்லுங்களேன் பார்க்கலாம்!"

மெத்தைக்காரர் பலகையில் உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமே இல்லைன்னு நினைக்கிறியா?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நேத்து அதுங்களைத் தள்ளுவண்டியில ஏத்தும்போதே திங்கட்கிழமைக்கு என்ன பண்றதுன்னுதான் ஓடுச்சு. உன்கிட்ட சொன்னா நீ கணக்கு கேட்ப. கணக்கு பார்த்தா எனக்கு கை நீளாது. அதான் நீ இல்லாத நேரமா பார்த்து... நம்பிக்கையில குடுத்தேன்னு சொல்ல மாட்டேன். ஓடி ஒளியற மாதிரிதான் குடுத்தேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அந்த மனிதரின் நெஞ்சில் பயம் என்று ஒன்று இருந்திருக்கிறது; அவள் ஒருத்திதான் பயந்து சாகிறாள் என்று நினைத்திருந்தாள்.

"அப்ப என்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க," என்றாள். குரலில் காரம் அப்படியேதான் இருந்தது. "நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? சரி, சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். அப்புறம் நானே ஏத்தி விட்டிருப்பேன். குடுத்தது நீங்க, இழந்தது நான்னு ஆயிடுதில்ல ஒவ்வொரு தடவையும்? அதுதாங்க எனக்கு ஆறல."

"சரிம்மா."

"சரிம்மான்னா?"

"இனிமே உன்கிட்ட சொல்லாம ஆணிகூடக் குடுக்க மாட்டேன்."

"ஆணியை இப்பவே எழுதி வச்சுக்கோ," என்றாள் அக்கா, யாரையும் பார்க்காமல்.

மெத்தைக்காரம்மா கைகழுவிவிட்டு வந்து அட்டையை மடியில் வைத்தாள். தம்பி வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டு, நாலு பிடிப் பஞ்சு விஷயத்தை மெல்ல நினைவுபடுத்தினான். இன்னும் ஒரு ராத்திரி, ஒரு பகல் இருக்கிறதே என்றான். அவள் மெத்தை அடுக்கைப் பார்த்தாள். அறுத்த வாய்கள் கண்முன் வந்தன. இன்றைக்கு ஏற்கெனவே போதுமான மெத்தைகளின் வயிற்றைப் பார்த்தாயிற்று.

"பிரிக்கிறதுக்கு இல்ல," என்றாள். "இருக்கிறதை எழுதுறேன்."

"அப்படின்னா இவன்தான் குடுத்தான்னு எழுதும்மா," என்றாள் அக்கா. "உன் பேராவது கெடாம இருக்கும். புத்தி இல்லாத புருஷன்னு எழுது. அந்தம்மாவுக்கும் வீட்டுல ஒண்ணு இருக்கும், புரியும்."

மெத்தைக்காரர் அதற்கும் தலையாட்டினார். எழுது என்று கையைக் காட்டினார்.

இடம், தேதி போட்டாள். 'மதிப்பிற்குரிய காப்பாளர் அம்மா அவர்களுக்கு' என்று எழுதினாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்:

'தங்களுக்கென்று தைத்த நாற்பது மெத்தைகளில் ஆறு குறைகின்றன. வீடு எரிந்து தரையில் படுத்திருந்தவர்களுக்கு அவற்றை என் கணவர் கொடுத்தார். திருப்பி வாங்கி வர இன்று நானே நேரில் போனேன். கேட்காமல் திரும்பினேன். ஆகையால் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. மிச்சமுள்ள மெத்தைகள் பேசிய எடையில், பேசிய பஞ்சில், திங்கட்கிழமை காலை வந்து சேரும். ஆறும் பஞ்சு வந்த மறுநாள் வரும். எண்ணிக்கை குறைந்தால் மொத்தமும் திரும்பும் என்று தாங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. திருப்புவதானால், சரக்கு ஏற்றுமுன் இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடமே சொல்லி அனுப்பவும்.'

வாசித்துக் காட்டினாள். தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டான். "வேண்டாம்னு சொல்லுங்கன்னு நாமளே எடுத்துக் குடுக்கிற மாதிரி இருக்கேக்கா!"

"இருக்கட்டும். சரக்குக்கு முன்னாடி உண்மை போயிடணும்."

"கடைசியில, 'கடவுள் துணை இருப்பார்'னு ஒரு வரி..." என்று மெத்தைக்காரர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"அதை அந்தம்மாவுக்கு எழுத வேண்டியதில்லை. நீங்க நேரே அவர்கிட்ட சொல்லிக்கோங்க. சத்தமா சொல்லுங்க, எனக்கும் கேட்கட்டும்."

கையெழுத்துப் போட்டாள். போட்டபின்தான் பயம் வந்தது. மத்த ரெண்டு விடுதி என்ற வார்த்தை ஒருமுறை எழும்பி வந்தது; விழுங்கிக்கொண்டாள். இதைத்தான் இவர் ஒவ்வொரு தடவையும் அனுபவிக்கிறார்போல. இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்குகிறாரோ என்று ஆத்திரமாக வந்தது. தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டாள். பசை காய்ந்து போயிருந்தது. மெத்தைக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கொண்டுவந்தார். அவள் தடவினாள், அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா வேண்டாம்னுட்டா?" என்று தம்பி, வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"வேண்டாம்னு வந்து சொல்லு. வேற யாருக்காவது மெத்தை வேணுமான்னு திங்கட்கிழமையிலேர்ந்து எழுத ஆரம்பிக்கிறேன்." ஜன்னல் வழியாக உறையை நீட்டினாள். "மடக்காத. முன்னாடி கண்ணாடிகிட்ட போடாத, பறந்துடும். அவங்க கையிலேயே குடு. போ, போ, தெருவை அடைச்சுக்கிட்டு நிக்காத."

தம்பி உறையைச் சட்டைப்பைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினான்.